மார்போடு கட்டும் துணி
குறைமாதப் பிள்ளைக்குத் தாயின் மார்பைப் போன்ற கதகதப்பு வேறில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில், 1978-இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிவைத்த கங்காரு பராமரிப்புக்கு முக்கியமாக வேண்டியது ஒரு துணிப்பட்டை. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்தி, கால்களைத் தவளைபோல் மடக்கி, முகத்தை ஒருபக்கம் திருப்பிக் கட்டுகிறார்கள். மூச்சுவழி திறந்தே இருக்கும், பாலும் பக்கத்திலேயே.

இரட்டையர் என்றால் அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று. நகரம் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பல பிள்ளைகள் ஆக்சிஜன் குழாயோடுதான் வீடு வருகின்றன. கத்தோலிக்கக் குடும்பத்தில் ஜெபமாலை சொல்லும் பாட்டியும் முறைவைத்துச் சுமக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கங்காரு பராமரிப்பைப் பரிந்துரைத்தது. விசுவாசமும் வைத்தியமும் ஒரே துணியில் சேர்வது எத்தனை அழகு!