நாயகர்கள் மீது வழக்கு இல்லை

ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' (1985) நாவலில் போர் முடிந்ததும் ஒரு விசாரணை நடக்கிறது. சிறுவர்களைத் தளபதிகளாக வார்த்த கர்னல் கிராஃப்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். அவர்களில் ஒருவனான எண்டரின் கையால் இறந்த இரண்டு சிறுவர்களைப் பற்றி அங்கே வாதம் நடக்கிறது, கிராஃப் விடுதலையாகிறார். ஒரு வேற்றுக்கிரக இனம் தன் தாய்க்கிரகத்தோடு அழிக்கப்பட்டதற்கு வழக்கே இல்லை.

அறிவியல் புனைகதையின் போர் நாயகர்கள் பலர் இப்படித்தான் தப்பிக்கிறார்கள். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2002இல் வந்த படத்தில் நாயகன் அனகின் ஒரு குடியிருப்பைப் பெண்கள், குழந்தைகளோடு வெட்டிச் சாய்த்துவிட்டு, காதலியிடம் அழுது ஒப்புக்கொள்கிறான். படம் திருமணத்தில் முடிகிறது.

எண்டரின் வழக்கு இதைவிடச் சிக்கலானது. 2002இல் நடைமுறைக்கு வந்த ரோம் சட்டத்தின்படி, குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவரைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. 15 வயது நிரம்பாதவரைப் படையில் சேர்ப்பதோ போர்க்குற்றம். பயிற்சி விளையாட்டு என்று நம்பித்தான் எண்டர் அந்த இனத்தை அழித்த கடைசிப் போரை நடத்தினான். ஆகவே கூண்டில் ஏற வேண்டியவர்கள் அவனை ஏமாற்றியவர்களும் கப்பல்களை அனுப்பியவர்களும்தான். கதாசிரியரையும் விட்டுவிட முடியாது. எண்டர் கொன்றாலும் குற்றமற்றவனாகவே இருக்கும்படி கதை கட்டப்பட்டிருக்கிறது என்று எழுத்தாளர் ஜான் கெஸல் 2004இல் எழுதினார். எனக்கு அதைவிட உறுத்துவது, எதிரியை ஒரே மனம் கொண்ட பூச்சிக் கூட்டமாகப் படைத்திருப்பது. படைவீரர் வேறு, குடிமக்கள் வேறு என்ற பிரிவு போர்ச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. குடிமக்களே இல்லாத எதிரியைப் படைத்துவிட்டால் அந்தப் பிரிவுக்கு இடமே இல்லை. ஹைன்லைன் 1959இலேயே 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் இதைச் செய்துவிட்டார்.

வியட்நாமில் போரிட்டுக் காயமடைந்த ஜோ ஹால்டிமன் 'த ஃபாரெவர் வார்' (1974) நாவலில் வேறு வழியில் போகிறார். அவருடைய வீரர்களின் மனத்தில் வசியத்தால் வெறுப்பு ஏற்றப்படுகிறது. எதிர்த்துப் போரிடத் தெரியாதவர்களை அவர்கள் கொன்று குவிக்கிறார்கள். வெறி தணிந்தபின் நாயகன் மண்டெல்லாவுக்கு மிஞ்சுவது குற்ற உணர்வு மட்டுமே. 'டியூன் மெசையா'வில் (1969) பால் அட்ரெய்டிஸ் தன் பெயரால் நடந்த போர்களில் மாண்டவர்களைத் தானே கணக்கிடுகிறான்: 6,100 கோடி. இரண்டுமே நேர்மையான எழுத்து. ஆனாலும் நாயகனின் வேதனையைத்தான் நாம் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். இறந்தவர்கள் தரப்பில் பேச யாரும் வருவதில்லை. எண்டர் கதையில் மட்டும் அந்தப் பூச்சி இனத்தில் எஞ்சிய ராணி பேசுகிறாள், அவனை மன்னிப்பதற்காக. கொல்லப்பட்ட இனத்தின் வாயாலேயே அந்த மன்னிப்பைக் கார்ட் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

உண்மையான நீதிமன்றத்துக்கு மிக அருகில் வந்தது 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடர். எதிரிக்கு உடந்தையாக இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அதிபர் பால்டரின் விசாரணை 2007இல் ஒளிபரப்பானது. அதில் சாட்சிக் கூண்டேறும் போர் விமானி லீ அடாமா, தம் தரப்பு நாயகர்கள் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பயணிகள் கப்பல் ஒன்றைத் தானே சுட்டு வீழ்த்தியதும் அதில் உண்டு. எல்லாமே மன்னிக்கப்பட்டபோது பால்டரை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும் என்பது அவன் வாதம். பால்டர் விடுதலையாகிறார். லீ ஒப்புக்கொண்ட அந்தக் குற்றங்களுக்காக யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.