தாய்மண் அழுத்தமும் ஆனந்தின் தோல்வியும்: ஒரு கோட்பாட்டு மறுபார்வை

2013 நவம்பரில் தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி விடுதியில் விசுவநாதன் ஆனந்த், மாக்னஸ் கார்ல்சனிடம் 3.5–6.5 எனத் தோற்று உலகச் சதுரங்கப் பட்டத்தை இழந்தார். சிறுவயதில் அவர் ஆடிப் பழகிய மிகைல் தால் சதுரங்கக் கழகமும் இதே ஊரில் இருந்ததுதான். எனவே விளையாட்டு உளவியல் மாணவருக்கு, தாய்மண் அழுத்தத்தின் சான்றாக இப்போட்டியைக் காட்டத் தோன்றுவது இயல்பே.

பட்டம் கைக்கெட்டும் வேளையில், சொந்த ஊரார் முன்னிலையில் தன்னுணர்வு மிகுந்து ஆட்டம் தடுமாறும் என்பது பாமைஸ்டர், ஸ்டைன்ஹில்பர் ஆகியோர் 1984இல் முன்வைத்த கருத்து. அதன் சான்றுகள் அமெரிக்க பேஸ்பால், கூடைப்பந்து இறுதிப் போட்டிகளிலிருந்து பெறப்பட்டவை. புதிய பேஸ்பால் தரவுகளுடன் ஷ்லெங்கர் குழுவினர் 1995இல் மறுஆய்வு செய்தபோது அவ்விளைவு நிலைபெறவில்லை. மேலும், தன்னுணர்வு குலைப்பது உடலில் பழகிப்போன செயலை. சதுரங்கமோ கணக்கிட்டு ஆடுவது. கவலை நினைவாற்றலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்னும் கவனச்சிதறல் விளக்கமே இங்கு நெருக்கமானது.

ஆட்டங்களும் அக்கோட்பாட்டுக்கு எளிதில் இணங்கவில்லை. முதல் நான்கும் சமன். ஐந்தாவதும் ஆறாவதும் நீண்ட இறுதிக்கட்டங்களில் கைநழுவின. கார்ல்சன் எவரையும் எந்த ஊரிலும் வீழ்த்தும் முறை அது. ஒன்பதாம் ஆட்டத்தின் 28ஆம் நகர்த்தலில், அரசரை மறைக்கக் குதிரையை நகர்த்தியது மட்டுமே வெளிப்படையான தடுமாற்றம். அதுவும் வென்றே தீரவேண்டிய நிலையில் நிகழ்ந்தது.

2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சியில் ஆனந்த் மீண்டும் கார்ல்சனிடம் 4.5–6.5 எனத் தோற்றார். அங்கு ஆறாம் ஆட்டத்தில் கார்ல்சன் செய்த பெரும்பிழையை அவர் கவனிக்கவேயில்லை. அங்கே ஊரார் இல்லை.

கூட்டத்தின் சராசரியை விடுத்து, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உகந்த மனநிலை வரம்பு தனித்தனியே உண்டு என்ற ஹானினின் கோட்பாடு இவ்விடத்தில் பயன்படும். ஆனால் அது கேட்பது ஆட்டந்தோறும் ஆட்டக்காரரிடமிருந்தே பெறும் மனநிலைப் பதிவு, புள்ளிப்பட்டியலன்று.