பாசம் என்று பெயரிட்டால் கூலி இல்லை

தனியாக வாழும் பெண்ணும் இனி ஆதரவற்ற குழந்தையை வளர்க்கலாம் என்கிறது 2024-இல் திருத்தப்பட்ட மாதிரி வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல். தம்பதிகளுக்கு மட்டுமே இருந்த வாய்ப்பு, 35 முதல் 60 வயதுள்ள மணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர்களுக்கும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெண் எந்தப் பிள்ளையையும் வளர்க்கலாம். ஆணுக்கு ஆண் பிள்ளை மட்டும். பாதுகாப்பு என்பார்கள். அதை வீட்டு ஆய்வும் தொடர் கண்காணிப்பும் அல்லவா தர வேண்டும்? பிள்ளை வளர்ப்பது பெண்ணின் இயல்பு என்ற பழைய நம்பிக்கையும் அந்த விதிக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த நம்பிக்கையின் விலை தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் தெரியும். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, தாய் தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஆச்சிகள் இங்கே உண்டு. அவர்கள் செய்வதை யாரும் பராமரிப்பு என்பதில்லை, பாசம் என்கிறார்கள். (பாசத்துக்குக் கூலி கேட்க முடியுமா!) மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதாவது மாதம் 6,000. வீட்டில் இன்னொருவர் குற்றாலத்தில் நிரந்தரமாகக் கடை வேலைக்குப் போனாலே வரம்பு தாண்டிவிடும்.

தாண்டாத வீட்டுக்கும் அலைச்சல் உண்டு. 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் திருநெல்வேலிவரை போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். சான்றிதழ்களோடு தென்காசிக்குப் போகும் நாளில் பீடி சுற்ற முடியாது, கூலியும் கிடையாது. இறப்பைப் பதிவுசெய்யும் கிராம நிர்வாக அலுவலரே அன்றைக்கே பிள்ளைக்கான விண்ணப்பத்தையும் எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பலாமே.