இரண்டாம் முறை வள்ளி திருமணம்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பங்குனித் திருவிழா இரவில், ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை முதன்முதலாக முழுதும் பார்த்தேன். நாரதரும் வள்ளியும் தினைப்புனத்தில் மோதிக்கொண்ட தர்க்கம் என்னை விட்டுப் போகவே இல்லை. அதை இன்னொரு தடவை கேட்டாக வேண்டும் என்ற ஆசையில், அடுத்த ஆண்டு மேலூருக்கு அருகே ஒரு கோயில் பொட்டலில் அதே நாடகம் என்று தெரிந்து போனேன். நோட்டீஸில் நாடகத்தின் பெயர் மட்டும்தான் பழையது. நாரதர் வேறு, வள்ளி வேறு, வேலன் வேறு. முதல் ஊரில் துறவறமா இல்லறமா என்று போன வாதம், இங்கே தெய்வத்துக்கு உருவம் உண்டா என்று திரும்பியது. நான் தேடிப்போன தர்க்கம் அந்த ஓர் இரவோடு முடிந்துபோயிருந்தது.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் என்கிறார்களே, அதன் அமைப்பே இப்படித்தான். கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. விழா நடத்தும் ஊர்க்காரர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். முந்தின இரவு வெவ்வேறு ஊர்களில் ஆடியவர்கள் ஒரு கொட்டகையில் சந்தித்து, அரிதாரம் பூசும் நேரத்தில் நாலு வார்த்தை பேசிக்கொண்டு, விடிய விடிய ஒரு நாடகத்தை நடத்திவிடுகிறார்கள். எல்லோர் நெஞ்சிலும் ஒரே பாடம் இருப்பதால்தான் இது முடிகிறது. அந்தப் பாடத்தைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவரே 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் கற்றுக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். அதுபோன்ற நாடகக் கம்பெனிகளெல்லாம் மறைந்துவிட்டன. வாத்தியார் இல்லாத இந்த முறையில்தான் வாத்தியாரின் நாடகங்கள் இன்றும் மூச்சு விடுகின்றன.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இந்த முறையின் பலம் புரிகிறது. கதை தெரிந்துவிட்டதால் காது வேறு இடத்துக்குப் போகிறது. மேலூர் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடி முடித்தபோது, நாரதர் எதிர்பாராத ஒரு கேள்வியைப் போட்டார். வள்ளிக்கு உடனே பதில் வரவில்லை. ஆர்மோனியக்காரர் அதைக் கண்டுகொண்டு, முந்தைய பாட்டின் கடைசி அடியைத் தாமாகப் பின்பாட்டாக எடுத்து ஒரு சுற்று நீட்டினார். அந்த இடைவெளியில் வள்ளி பதிலைக் கோத்துக்கொண்டு திரும்பி, கேள்வியை நாரதர் மேலேயே வீசினார். கூட்டம் எழுந்து கைதட்டியது. முதல் முறை பார்த்திருந்தால் இதை ஓர் இனிய பாட்டு என்று மட்டும் நினைத்திருப்பேன். ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கும் அந்தக் கைவேலை அப்போது கண்ணில் பட்டிருக்காது. ஆணின் கட்டை ஒன்று, பெண்ணின் கட்டை ஒன்று. இரண்டுக்கும் நடுவே சுருதி மாற்றி மாற்றி இரவு முழுவதும் நடப்பவர் ஆர்மோனியக்காரர்தான். நோட்டீஸில் அவர் படம் சிறியதாகத்தான் இருக்கும்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இலங்கை வரை போய் ஜோடியாகப் புகழ் பெற்றது இந்த இசை நாடக மேடையில்தான். 1933இல், முப்பது வயது நிரம்பும் முன்பே கிட்டப்பா இறந்தார். அவர் குரலுக்காகவே ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் ஆசை என்னவென்று மேலூரில் எனக்கு ஓரளவு விளங்கியது. கதை முடிவு அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

ஆனால் எதனால் இது உயிரோடு இருக்கிறதோ, அதனாலேயே இது கெட்டும் போகிறது. முழு நாடகத்துக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லை. அவரவர் பங்கை அவரவர் நீட்டுகிறார்கள். பபூன், டான்ஸ் காட்சி இரண்டு ஊர்களிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இரண்டு பபூன்களும் திறமைசாலிகள். இரண்டு பேரும் அந்தத் திறமையை இரட்டை அர்த்தத்தில் கரைத்தார்கள். உடன் ஆடும் பெண் ஒவ்வொரு வசனத்துக்கும் கூசாமல் சிரித்தாக வேண்டும். இந்தக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அவர்கள் சுமக்கும் களங்கத்தை வைத்தார். அந்தக் களங்கத்தை ஊர் சுமத்துகிறது என்பது உண்மை. மேடையும் ஒவ்வோர் இரவும் அதற்குக் கொஞ்சம் தீனி போடுகிறது. ஜனங்கள் கேட்கிறார்கள் என்ற பதிலை நான் ஏற்கவில்லை. அதே ஜனங்கள்தான் நள்ளிரவுக்கு மேல் தெய்வத்தின் உருவம் பற்றிய வாதத்தை அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள்.

தர்க்கமும் குற்றமற்றதில்லை. பாதி வழியில் அது வள்ளியும் நாரதரும் என்ற நிலையை விட்டு, இந்த நடிகையா அந்த நடிகரா என்ற போட்டியாகிவிடுகிறது. தோற்கிற நிலை வந்ததும் ஆண் நடிகர் பெண் குலத்தையே பழிக்கும் பழைய வசனங்களைக் கையில் எடுக்கிறார். அதைத் தாங்கி, சபை நாகரிகம் குலையாமல் திருப்பிக் கொடுக்கும் ஸ்திரீபார்ட்டின் அறிவுதான் அங்கே மேடையைக் காக்கிறது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. நாடகத்தின் பெயர் வள்ளி திருமணம். திருமணத்துக்குத்தான் நேரம் இல்லை. வேலன் வேடனாக வந்து, வேங்கை மரமாகி, கிழவனாகி, யானையை வரவழைத்து வள்ளியை அஞ்ச வைக்கிற கட்டம் வரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடுகிறது. இரவெல்லாம் கேள்விக்குக் கேள்வி கொடுத்த ஒரு பெண், யானைக்குப் பயந்து கிழவனைக் கட்டிக்கொண்டு சம்மதிக்கிறாள். அத்தனை வாதாடியவள் ஏன் இப்படி இசைந்தாள் என்று நடித்துக் காட்ட வேண்டிய இடம் இதுதான். முதல் ஊரில் அதைப் பத்து நிமிடத்தில் ஓட்டினார்கள். களைப்பில் எனக்கும் உறைக்கவில்லை. முன்னேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து இங்கே கொடுக்கச் சொல்ல அந்தக் கொட்டகையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. அமர்த்துகிற ஊர்க்காரர்கள் சொல்லலாம். சம்பளம் பேசும்போதே சொல்லலாம்.

மேலூரில் அந்தக் கட்டம் வந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டு பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. டீக்கடையில் பாய்லர் ஏற்றிவிட்டார்கள். யானை வந்தது, கிழவனை வள்ளி பற்றினாள். பிறகு அந்த நடிகை கையை விலக்கிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்று, தனியே ஒரு விருத்தம் எடுத்தார். சம்மதிப்பதா என்று தனக்குள் தானே தர்க்கம் செய்வது போல, வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திப் பாடினார். ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைச் சுரத்தை மட்டும் பிடித்திருந்தார். இது முதல் முறை நான் பார்க்காத வள்ளி. முன்வரிசையில் மிஞ்சியிருந்த சில கிழவிகளும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். விருத்தம் முடியும் முன்பே வேலன் மாலையோடு வந்து நின்றுவிட்டார்.