கடையக் கடையப் பளபளப்பு

அக்ரிலிக் ராடு ஒன்றை லேத்தில் பிடித்து, பேனாவாகக் கடைந்து, மெருகேற்றிக் கையில் எடுக்கும் சுகத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. கைவேலையில் ஆசை உள்ள எவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது இதைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பேன்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். அக்ரிலிக்கை 1933இல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் ‘ப்ளெக்ஸிகிளாஸ்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் விமானி அறை மூடிகள் இதில்தான் செய்யப்பட்டன. நிறமில்லாத தெளிந்த அக்ரிலிக் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 92 சதவீதத்தைக் கடத்திவிடும். பேனாவுக்கென்று வார்க்கும் ராடுகளில் நிறங்களையும் முத்து மினுக்குப் பொடியையும் சுழித்துச் சுழித்துக் கலக்கிறார்கள். கைக்கு வரும்போது மேல்பக்கம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். உள்ளே மயில்கழுத்து நீலமும் அரக்குச் சிவப்பும் எப்படிப் புரண்டு ஓடுகின்றன என்பது கத்தி படும்வரை தெரியாது. ஒரே வார்ப்பில் வந்த இரண்டு ராடுகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் திறந்து பார்க்கும் பரவசம் இதில் உண்டு!

பேனாவுக்கான பித்தளைக் குழாயும் மற்ற பாகங்களும் சேர்ந்து தொகுப்பாகவே கிடைக்கும். குழாயை ஒட்டி, மேலே கடைந்து, பொருத்திவிட்டால் பால்பாயிண்ட் பேனா தயார். தொடங்குவதற்கு அருமையான வழி அது. என் மனம் ஒட்டிக்கொண்டதோ நிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ராடிலிருந்தே எடுக்கும் மைப் பேனாவில்.

வேலை துளையில் தொடங்குகிறது. ராடு சக்கில் சுழலும். ட்ரில் பிட் எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே போகும். அக்ரிலிக்குக்குச் சூடு ஆகாது. 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கி, பிட்டைக் கவ்விக்கொள்ளும். அதனால் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் இறக்கி, வெளியே இழுத்து, தூளைத் தட்டி, தண்ணீர் விட்டு, மறுபடி இறக்க வேண்டும். இந்த நிதானம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவசரத்தோடு பட்டறைக்குள் வந்தாலும் ஒரு துளை முடிவதற்குள் மனசு லேத்தின் தாளத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது மரை. மூடிக்கு நான் போடுவது மூன்று மரைகள் சேர்ந்தாற்போல ஓடும் வகை. 13 மிமீ விட்டம், மரைக்கு மரை 0.8 மிமீ. மூன்றும் சேர்ந்து ஒரே சுற்றில் 2.4 மிமீ ஏறும். மூடியை ஒரு சுற்றுச் சுற்றினாலே திறந்துவிடும். மூடியும் உடலும் ஒரே ராடிலிருந்து வந்தவை என்பதால், மூன்று தொடக்கங்களில் சரியானதைப் பிடித்து மூடினால் நிறச் சுழி மூடியிலிருந்து உடலுக்குத் தடையில்லாமல் ஓடுகிறாற்போல அமைத்துவிடலாம். அது கூடிவரும்போது வரும் மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல!

பிறகு கடைசல். கண்ணாடி மாட்டி, முகமூடி போட்டு, கத்தியை நன்றாகத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மொண்ணைக் கத்தி பட்டால் சில்லு பெயரும். கூர்மை மட்டும் இருந்தால் நீளநீளமான நாடாக்களாகச் சுருண்டு விழும். நிலைமின்சாரத்தில் சட்டைக் கையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். விரல் பிடிக்கும் கழுத்தை என் கைக்கு ஏற்ற பருமனுக்குக் கொண்டுவருவதில்தான் எனக்குப் பெரிய குஷி. 10 மிமீக்கும் 11 மிமீக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை. விரலுக்கு அது வேறு பேனா.

இனிமேல்தான் உயிரான கட்டம். மரப் பேனாவுக்குப் பளபளப்பு வேண்டுமானால் மேலே எதையாவது பூச வேண்டும். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானில் அரக்கை அழுத்தி, சுழலும் சூட்டிலேயே இழைய வைக்கிறார்கள். அது தனி அழகு. அக்ரிலிக்கில் பூச ஒன்றுமே தேவையில்லை. பளபளப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. நம் வேலை, மேலே உள்ள கீறல்களை ஒளியின் கண்ணுக்கே படாத அளவுக்கு நுணுக்கிக்கொண்டே போவது மட்டும்தான்.

வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400ஆம் எண்ணில் தொடங்குகிறேன், பிறகு 600. லேத் சுழலும்போது தேய்த்தால் கீறல் வளையம் வளையமாக விழும். அதனால் ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, அதே தாளால் நீளவாக்கில் தேய்த்து வளையங்களை அழித்து, பால்போல வழியும் கழிவைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தாள். அப்புறம் மைக்ரோமெஷ். விமான ஜன்னல்களின் அக்ரிலிக்கில் விழும் கீறலைப் போக்கவும் பயன்படும் அதே தேய்ப்புத் துணி! 1500இல் தொடங்கி 12,000இல் முடியும் ஒன்பது துண்டுகள். 2400 வரை பேனா சாம்பல் பூத்தாற்போலவே இருக்கும். 3600இல் ஈரம் காய்ந்த பிறகும் மினுங்கத் தொடங்கும். 6000இல் பட்டறை விளக்கு உருவத்தோடு அதில் தெரியும். 12,000 முடிந்து, பிளாஸ்டிக் பாலிஷ் தொட்டுப் பருத்தித் துணியால் துடைத்ததும் உள்ளே உறைந்திருந்த சுழிகள் ஆழம் ஆழமாகத் திறந்துகொள்ளும். விரல் நுனியில் ஈரக் கண்ணாடியைத் தடவுகிற வழுவழுப்பு. எத்தனை பேனா செய்தாலும் இந்த இடத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிடுகிறேன்.

கைக்கடைசல் பேனாவுக்கு நம் பக்கத்தில் நல்ல பரம்பரை இருக்கிறது. சுதேசி அழைப்பை ஏற்று ராஜமுந்திரியில் பிறந்த ரத்னம் பேனாவுக்கு 1935இல் காந்தியே நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் என்னும் கெட்டி ரப்பரிலும் அக்ரிலிக்கிலும் இன்றும் கையால் கடைகிறார்கள். உலகெங்கும் பேனாப் பிரியர்கள் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். எபோனைட்டின் மென்மையான தொடுகை எனக்கும் பிடிக்கும். நிறமும் ஒளியும் ஆழமும் வேண்டும் என்றால் அக்ரிலிக்தான்!

கடைசியாக நிப்பு. ஹைடல்பர்க்கின் போக், பெர்லினின் ஜோவோ இரண்டுமே அருமை. ஜோவோவின் ஆறாம் எண் நிப்புக்கு 7.4 மிமீ விட்டத்தில், 0.5 மிமீ இடைவெளியில் மரை போட்டுவிட்டால் கையாலேயே திருகி மாட்டலாம். கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, ஃபில்லரால் நேராக உடலுக்குள்ளேயே மை ஊற்றிவிடலாம். 3 மில்லி தாராளமாகப் பிடிக்கும். ஒளி ஊடுருவும் அக்ரிலிக்காக இருந்தால் துளையின் உட்சுவரையும் மெருகேற்றுங்கள். எழுத எழுத மை உள்ளே அலைவது அப்படியே தெரியும். நம் கைக்கென்றே கடைந்த கழுத்தைப் பிடித்து ‘ழ’வையும் ‘ஞ’வையும் சுழித்து எழுதும்போது எழுத்தே ஒரு படி அழகாகிவிடுகிறது என்று சத்தியம் செய்வேன்.

இவ்வளவையும் முதல் நாளே செய்ய வேண்டியதில்லை. பக்கத்து லேத் பட்டறையில் கேட்டு, விரல் நீளத்துக்கு ஒரு அக்ரிலிக் துண்டைக் கடைந்து வாங்குங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துக்கொண்டு, 400இலிருந்து ஒரு படியையும் தாண்டாமல் கடைசிவரை தேய்த்துப் பாருங்கள். மரை போடும் டேப், டை, நிப்பு எல்லாவற்றையும் எங்கே வாங்கலாம் என்று மறுநாள் நீங்களே தேடத் தொடங்கிவிடுவீர்கள்!