கொடிக் கலையை எப்படி ரசிப்பது?

தேர்தல் வந்தால் எதிரெதிர்க் கட்சிகளின் சுவரொட்டிகளும் அச்சாகும் ஊர் சிவகாசி. எந்தக் கட்சியின் தாளானாலும், ஆஃப்செட் எந்திரத்தில் நிற்பவர் முதலில் கவனிப்பது அச்சின் நான்கு நிறங்களும் விலகாமல் விழுந்திருக்கின்றனவா என்பதைத்தான். தேசியக் கொடிகளை வைத்து அரசியல் மோதலைப் பேசும் நவீனக் கலைக்கும் அந்தக் கண் வேண்டும். கொடியைக் கண்டதும் எழும் பற்றையோ கோபத்தையோ கொஞ்சம் ஒதுக்கிவைத்து, மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. நிறம் மாறியிருக்கிறதா?

கலைஞர் டேவிட் ஹாமன்ஸ் 1990-ல் செய்த அமெரிக்கக் கொடியில் பட்டைகளும் நட்சத்திரங்களும் அதே இடத்தில் இருக்கின்றன. நிறங்கள் மட்டும் சிவப்பு, கறுப்பு, பச்சை. 1920-ல் மார்கஸ் கார்வியின் இயக்கம் கறுப்பின மக்களுக்கென ஏற்றுக்கொண்ட நிறங்கள் அவை. இந்த நாடு யாருடையது என்ற வழக்கை ஓர் எழுத்துகூட இல்லாமல் தொடுத்துவிட்டார்.

2. எதனால் ஆனது?

ஜப்பானியர் யுகினோரி யனாகி வண்ண மணலைப் பெட்டிகளில் கொடிகளாக நிரப்பி, பெட்டிகளைக் குழாய்களால் இணைத்து, எறும்புகளை உள்ளே விட்டார். அவை வளை தோண்டி, ஒரு நாட்டு மணலை இன்னொரு நாட்டுக்குச் சுமந்தன. கொடிகள் மெல்லக் கலைந்தன. துணியில் இது நடக்காது. இங்கே பொருள்தான் கருத்து.

3. யார் கை பட்டது?

இத்தாலியர் அலிகியெரோ பொயட்டி 1971-லிருந்து உலக வரைபடங்களைத் தைக்கக் கொடுத்தார். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் அதன் கொடி. தைத்தவர்கள் ஆப்கன் பெண்கள். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தபின் வேலை பாகிஸ்தானின் பெஷாவரில் இருந்த ஆப்கன் அகதிகளிடம் தொடர்ந்தது. ஒருமுறை கடல் இளஞ்சிவப்பு நூலில் வந்தது; அதன்பின் கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார். நாடிழந்தவர்கள் எல்லா நாட்டுக் கொடிகளையும் தைத்தார்கள் என்று தெரிந்தபின் அந்த வரைபடம் வேறாகத் தெரியும்.

வீட்டுப் பயிற்சி

இப்படிப் பார்த்துப் பழக அருங்காட்சியகம் வேண்டியதில்லை. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் சீடர்களும் வளர்த்த காலண்டர் ஓவியம் சிவகாசி அச்சில்தான் நாடெங்கும் போனது. காலண்டரில் மூவர்ணக் கொடியோடு பாரத மாதா வரைபடத்தின்மேல் நின்றால், சேலையும் கூந்தலும் எந்த எல்லைக்கோட்டை மறைக்கின்றன என்று பாருங்கள். தகராறுள்ள எல்லை அங்கே வண்ணத்தாலேயே தீர்க்கப்பட்டிருக்கும்.

மூன்று கேள்விகளுக்கும் பதில் எதுவும் சொல்லாமல் உணர்ச்சியை மட்டும் கிளப்பும் கொடிப் படத்தைச் சுவரொட்டிக் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகருங்கள்.