பழைய கியர்பாக்ஸும் புது ஆயிலும்

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்ட ஆட்டோமேடிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா கூடாதா என்ற விவகாரத்தில், கார் வைத்திருப்போரிடையே நெடுநாளாக இரண்டு கட்சிகள் உண்டு. மாற்றாவிட்டால் கியர்பாக்ஸ் நாசமாகும் என்பது ஒரு கட்சி. இத்தனை காலம் தொடாததை இப்போது தொட்டால்தான் நாசமாகும் என்பது மற்றொன்று. பெருநகரங்களில் பல வருஷங்கள் ஓடிய பி.எம்.டபிள்யூ, ஸ்கோடா முதலிய வேகக் கார்கள், கைமாறி விலையிறங்கி, விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களையும் எட்டக்கூடிய இக்காலத்தில், இது தூரதேசத்துச் சர்ச்சையன்று. முதல் சொந்தக்காரர் அனுபவித்த வேகத்துக்குக் கணக்குத் தீர்க்கும் கடமை மூன்றாம் சொந்தக்காரர் தலையில் விழுகிற விஷயம்.

குழப்பத்துக்கு மூலகாரணம், 'ஆயுள் முழுவதற்கும் போதுமான ஆயில்' என்ற வாசகமே. பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஆட்டோமேடிக் கார்களுக்கு நெடுங்காலம் இவ்வாறே சொல்லிவந்தது. ஆனால் அக்கார்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றுவதே உசிதம் என்கிறது. செய்தவர் ஒன்று சொல்ல, விற்றவர் வேறொன்று சொல்லும்போது, இங்கே 'ஆயுள்' என்பது யாருடைய கணக்குப்படி என்று வாங்குபவர் கேட்பதில் தவறில்லை.

அந்த ஆயிலுக்கு உத்தியோகமோ ஒன்றல்ல. டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினின் விசையைச் சுமப்பதும், வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் அழுத்தத்தோடு பாய்ந்து கியரை மாற்றுவதும், பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும், சூட்டை வாங்கிக் கூலரில் சேர்ப்பதும் அதுவே. இவற்றோடு, கிளட்ச் தட்டுகள் கூடும்போது வழுக்காமலும், வெடுக்கென்று பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதனுடையது. இந்தக் கடைசிக் குணத்துக்காக ஒருகாலத்தில் அமெரிக்காவில் திமிங்கில எண்ணெய் சேர்த்துவந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்தபின், மாற்றுச் சரக்கோடு வெளிவந்த ஆயில் கூலரின் பற்றவைப்பை அரித்து, மறுபடியும் திருத்தத்துக்கு உள்ளானது. இத்தனை சூக்ஷ்மமான கலவை, சூட்டில் வருஷக்கணக்கில் வெந்தபின்னும் பழைய குணத்தோடு இருக்கும் என்று நம்புவது ரசாயனத்துக்கு விரோதம். வேகக் காரை வாங்கியவர் அதை மெதுவாக ஓட்டுவதில்லையாதலால், சூடு இங்கே இன்னும் அதிகம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. தட்டுகளிலிருந்து உதிர்ந்த தூள் பழைய ஆயிலில் மிதந்து, தேய்ந்த தட்டுகளுக்கு ஒரு பிடிப்பைத் தருகிறது என்றும், புது ஆயில் படிந்த கசடைக் கிளப்பி வால்வுகளை அடைக்கிறது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். பிந்தியதில் உண்மை உண்டு; மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவி எடுக்கும் முறையில் அந்த அபாயம் அதிகம். ஆனால், ஆயில் மாற்றியதும் கியர்பாக்ஸ் போயிற்று என்ற கதைகளில் பெரும்பாலானவை, கியர் ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்தபின் கடைசி முயற்சியாக ஆயிலை மாற்றியவர்களின் கதைகளாதலால், பழியின் பெரும்பங்கு ஆயிலை அன்று, காலதாமதத்தையே சேரும்.

முறையிலும் வித்தியாசம் உண்டு. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றி வடித்தால் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிய ஆயில் வெளிவராது. ஏறக்குறையப் பாதிதான் மாறும். இதைக் குறை என்பார்கள். வயதான கியர்பாக்ஸுக்கு இதுவே குணம், ஏனெனில் மாறுதல் படிப்படியாக வருகிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் மறுமுறை வடித்தால் போதும். கழற்றிய சம்ப்பின் காந்தத்தைப் பார்ப்பதும் அவசியம்: மைபோன்ற சாம்பல் நிறக் குழம்பு வயதின் அடையாளம்; கையில் உறுத்தும் உலோகத் துணுக்கு இருந்தால், ஆயிலால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அளவு பார்ப்பதுதான் நம் ஊர்களில் அதிகம் சறுக்குகிற இடம். இசட்.எஃப். கியர்பாக்ஸில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில், ஃபில் பிளக் வழியாக வழிகிற அளவே சரியான அளவு. சென்னையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த காரை, சித்திரை மாதத்து வெயிலில் அப்படியே லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், விரிந்த ஆயில் நிறைந்தது போலக் காட்டி, ஆறியபின் குறைந்து நிற்கும். காரை இரவு முழுதும் ஆறவிட்டு, விடியற்காலையில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயிலின் சூட்டைப் பார்த்தபடி நிரப்புவதே முறை. ஸ்கேனர் இல்லாத இடத்தில் இவ்வேலையைத் தொடாதிருப்பது மெக்கானிக்கின் கௌரவத்துக்கு இழுக்கல்ல. மாற்றலாமா கூடாதா என்ற பழைய கேள்விக்குத் திரும்பினால், 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற, டி.எஸ்.ஜி. என்னும் ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் கொண்ட காரில் சந்தேகத்துக்கே இடமில்லை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும்படி கம்பெனியே விதித்திருக்கிறது.

ஆக, ஆயில் மாற்றுதல் பராமரிப்பே தவிரப் பரிகாரம் ஆகாது. ஒழுங்காக ஓடுகிற காரில், குறித்த ரக ஆயிலும் புது ஃபில்டருமாக இதைச் செய்வதில் லாபம் பெரிது, அபாயம் சிறிது. வழுக்குகிற காரில் அதே செலவு சூதாட்டம். பழைய வேகக் காரை வாங்குகிறவர், ஆயில் மாற்றிய ரசீதைக் கேட்டுவாங்கி, அது இல்லையெனில் அந்தத் தொகையை விலையிலேயே கழித்துக்கொள்வதுதான் இரு கட்சியாரும் மறுக்கமுடியாத நியாயம்.